மொட்டை மாடி ஆன்டெனாவும் உங்கள் பிராட்பேண்ட் இணைப்பும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி, 'எந்த இன்டர்நெட் இணைப்பு எடுப்பது?' என்பதுதான். தெருவுக்கு ஃபைபர் கேபிள் வந்துவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுத்துவிடுங்கள். ஆனால் ஊருக்கு வெளியே புது மனையில் வீடு கட்டியவர்களும் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களும் 'உங்க ஏரியாவுக்கு இன்னும் லைன் வரலை சார்' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். அவர்களுக்கு உள்ள நல்ல வழி ஃபிக்ஸ்டு வயர்லெஸ் பிராட்பேண்ட். மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனாவைப் பொருத்தி, சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டவரை நோக்கித் திருப்பி வைத்து, காற்று வழியாகவே இணைப்பைப் பெறும் முறை இது.

மொபைல் போனிலும் காற்று வழியாகத்தானே இன்டர்நெட் வருகிறது, என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். போன் உங்களோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அதனுள் இருக்கும் ஆன்டெனா எல்லாத் திசைகளிலும் தேட வேண்டும். இங்கே ஆன்டெனா ஒரே இடத்தில் நின்று, ஒரே டவரைப் பார்க்கிறது. எனவே பெரிய ஆன்டெனாவை உயரத்தில் வைத்து, தூரத்து சிக்னலையும் பிடித்துவிடலாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைதாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1990-களில் கார்டெக்ட் என்ற கருவியை உருவாக்கியது. போனும் இன்டர்நெட்டும் ஒரே வயர்லெஸ் இணைப்பில் வரும். வேகம் 70 கிலோபிட். போனில் பேசினால் 35 கிலோபிட். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்த இன்டர்நெட் மையங்கள் இதை நம்பித்தான் இயங்கின.

இன்று வீடுகளுக்குக் கிடைப்பவற்றில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, உள்ளூர் இன்டர்நெட் நிறுவனங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கொடுப்பது. இந்த அலைவரிசையின் பெரும்பகுதியைத் தனி உரிமம் வாங்காமலே பயன்படுத்த மத்திய அரசு 2018-இல் அனுமதி கொடுத்தது. இன்னொன்று, ஏர்டெல், ஜியோ நிறுவனங்கள் 2023-இல் தொடங்கிய ஏர்ஃபைபர். இது 5ஜி டவரிலிருந்து வருவது. முதல் வகையில்தான் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம். எனவே அதை விரிவாகவும் மற்றதைக் கடைசியில் சுருக்கமாகவும் பார்ப்போம்.

மூன்று துண்டுகள்

உங்கள் கம்ப்யூட்டருக்கும் நிறுவனத்தின் டவருக்கும் இடையே உள்ள பாதையை மூன்று துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். டவரிலிருந்து மாடி ஆன்டெனா வரை காற்று. ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் வரை கேபிள். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை வைஃபை. முதல் துண்டும் மூன்றாம் துண்டும் வயர்லெஸ் என்பதால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. படுக்கை அறையில் வைஃபை கோடு ஒன்றாகக் குறைந்தால் மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறவர்கள் உண்டு. அந்தக் கோட்டுக்கும் டிஷ்ஷுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோளாறு எந்தத் துண்டில் என்று சொல்லத் தெரிந்துவிட்டால், உங்களை எந்த நிறுவனத்தாராலும் சுற்றலில் விட முடியாது.

காற்று வழி

5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகக்கூடியவை. சுவர், மரம், குன்று எதையும் எளிதில் ஊடுருவாது. எனவே உங்கள் மாடியில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது விதியைப் பலர் சொல்வதில்லை. டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பார்வைக் கோட்டைச் சுற்றிலும் இடம் காலியாக இருக்க வேண்டும். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. இரு முனைகளில் ஒடுங்கி நடுவில் பெருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் பரவிச் செல்கிறது. இதற்கு ஃப்ரெஸ்னல் மண்டலம் என்று பெயர். டவர் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், பாதையின் நடுவில் இந்த வெள்ளரிக்காயின் ஆரம் சுமார் 6 மீட்டர். 5 கிலோமீட்டர் என்றால் 8 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது 3 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் உள்ள தென்னை மரத்தின் உச்சி பார்வைக் கோட்டுக்கு 4 மீட்டர் கீழேயாவது இருக்க வேண்டும்.

இதை வீட்டிலிருந்தே ஓரளவு சோதித்துவிடலாம். கூகுள் எர்த் புரோகிராமை கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து டவர் வரை ஒரு பாதை வரைந்து, அதன் மீது ரைட் கிளிக் செய்தால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வசதி மெனுவில் இருக்கும். நடுவில் மேடு இருந்தால் தெரிந்துவிடும். மரங்களையும் கட்டடங்களையும் அது காட்டாது; அதற்கு மாடிக்கு ஏறிக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. பார்க்கும்போது இலை உதிர்ந்த மாதமா, தழைத்த மாதமா என்பதையும் கவனியுங்கள். பங்குனியில் மொட்டையாக நிற்கும் மரம் ஐப்பசியில் பச்சைச் சுவராகிவிடும். ஈர இலை இன்னும் மோசம்.

சிக்னல் எண்ணைப் படிப்பது எப்படி?

ஆன்டெனாவுக்குள்ளேயே ரேடியோ கருவியும் ஒரு சிறிய கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பொருத்த வருபவர் தன் லேப்டாப்பிலோ போனிலோ அதன் திரையைத் திறந்துதான் வேலை செய்வார். அதில் சிக்னல் என்ற இடத்தில் மைனஸ் 64 என்பது போல ஓர் எண் இருக்கும். இதன் அளவு டிபிஎம். மைனஸ் எண் என்பதால் சின்னதாக இருந்தால்தான் நல்லது: மைனஸ் 60, மைனஸ் 70-ஐ விட நல்ல சிக்னல். 3 டிபி குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

நடைமுறையில், மைனஸ் 50-லிருந்து மைனஸ் 65 வரை நல்ல இணைப்பு. மைனஸ் 75-ஐ நெருங்கினால் சுமார். மைனஸ் 80-ஐத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே இரைச்சல் என்று இன்னோர் எண் இருக்கும், மைனஸ் 95 மாதிரி. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் 25 டிபியாவது இடைவெளி இருப்பது நல்லது. சுற்றிலும் வேறு ரேடியோக்கள் நிறைய இருந்தால் இரைச்சல் மைனஸ் 80 வரை ஏறிவிடும். அப்போது சிக்னல் மைனஸ் 64 என்றாலும் பயன் குறைவு. வேறு சானலுக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்கு எந்த எண் வர வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கூட்டல் கழித்தல் போதும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டர் காற்றில் 117 டிபி இழப்பு ஏற்படும். டவரின் ஆன்டெனாவிலிருந்து 30 டிபிஎம் வெளியேறுகிறது என்றும் உங்கள் டிஷ் 23 டிபி ஆதாயம் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 30-லிருந்து 117-ஐக் கழித்து, 23-ஐக் கூட்டினால் மைனஸ் 64. தூரம் இரண்டு மடங்கானால் இன்னும் 6 டிபி குறையும். உங்கள் கருவியின் எண்களை நிறுவனத்தாரிடம் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள். கணக்குக்கு 3 டிபி கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. 10 டிபி குறைந்தால், ஒன்று வழியில் தடை இருக்கிறது, அல்லது ஆன்டெனா சரியாகத் திரும்பவில்லை.

இந்த இடத்தில் ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கம்பம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இணைப்பு கொடுத்தார்கள். அவர் மகள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவே குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, இப்படியே போனால் ஆபீசுக்கே வந்துவிடு என்று சொல்லிவிடுவார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். 'சிக்னல் வருதுன்னு சொல்லித்தானே போல்ட்டை முடுக்கிட்டுப் போனாங்க, அப்புறம் என்னடா?' என்றார் சித்தப்பா. நான் போனபோது திரையில் மைனஸ் 72. டவர் 3 கிலோமீட்டர்தான், நடுவில் தடையும் இல்லை. நிறுவனத்துக்கு போன் செய்து, வந்த பையனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். போல்ட்டைத் தளர்த்தி டிஷ்ஷை மெல்லத் திருப்பினான். எண் முதலில் இன்னும் மோசமாகி, பிறகு ஏறி, மைனஸ் 61-இல் நின்றது. வந்து சேரும் சக்தி பன்னிரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. வேறு எதையும் மாற்றவில்லை.

காரணம் இதுதான். டிஷ் ஆன்டெனா முன்பக்கம் ஒரு பெரிய ஒளிக்கற்றை போலவும், அதன் இரு பக்கமும் சின்னச் சின்னக் கற்றைகளாகவும் வேலை செய்கிறது. டார்ச் லைட்டின் நடு வட்டத்தைச் சுற்றி மங்கலான வளையம் தெரியுமே, அது மாதிரி. பொருத்துபவர் அவசரத்தில் பக்கக் கற்றையில் கிடைத்த சிக்னலையே உச்சம் என்று நினைத்து முடுக்கிவிடலாம். எனவே இடமிருந்து வலமாக ஒரு முறை முழுதும் திருப்பி, எண் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் உச்சத்தில் நிறுத்த வேண்டும். பிறகு இதே போல மேலும் கீழும். 3 கிலோமீட்டரில் 5 டிகிரி பிசகினால், நீங்கள் குறி வைப்பது டவருக்கு 260 மீட்டர் தள்ளி! திருப்பும் ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் காத்திருக்க வேண்டும், எண் உடனே மாறாது. இந்த வேலைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். கூட நின்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

டிஷ் நிற்கும் குழாயும் முக்கியம். நல்ல கனமான ஜி.ஐ. பைப்பாக இருக்கட்டும். ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி காயப்போடும் கம்பியில் கட்டுவதும், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு கிளாம்ப் போடுவதும் ஆடிக் காற்றுக்குத் தாங்காது.

கேபிளும் பி.ஓ.இ. அடாப்டரும்

ஆன்டெனாவுக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது? மாடியில் பிளக் பாயின்ட் இல்லையே! டேட்டா போகும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் மின்சாரமும் போகிறது. இதற்கு பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. என்று பெயர். வீட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் ஒரே மாதிரி இரண்டு துளைகள். பி.ஓ.இ. என்று எழுதியிருப்பது ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளுக்கு. லேன் என்று எழுதியிருப்பது ரவுட்டருக்கு. இதை மாற்றிச் செருகிவிடாதீர்கள். வீட்டுக் கருவிகள் பலவற்றில் வருவது 24 வோல்ட் பாஸிவ் வகை. எதிர்முனையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். பி.ஓ.இ. துளையிலிருந்து வரும் கேபிளை நேராக கம்ப்யூட்டரிலோ ரவுட்டரிலோ செருகினால் அதன் நெட்வொர்க் போர்ட் கெட்டுப்போகலாம். வீட்டில் வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுவோமே, அப்போதுதான் இது நடக்கும். இன்றே இரண்டு கேபிளிலும் பேப்பர் ஒட்டி 'மாடி', 'ரவுட்டர்' என்று எழுதி வையுங்கள். அடாப்டர் கெட்டுப்போனால் அதே வோல்ட், அதே வகையைத்தான் வாங்க வேண்டும். சிசிடிவி கேமராவுக்கான 48 வோல்ட் பெட்டி பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கேபிளைப் பொறுத்தவரை, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறை போட்ட கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைக் கேளுங்கள். சாதாரணச் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரில் துளைக்குள் நுழையும் முன், கேபிள் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறிப் போக வேண்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தோட்டத்து வீடுகளில் அணில் கடிக்கும், பிவிசி பைப்புக்குள் விட்டுவிடுவது நல்லது.

மின்னல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஆன்டெனாக் குழாயை வீட்டின் எர்த்துடன் கனமான செம்பு வயரால் இணைக்கச் சொல்லுங்கள். கேபிளின் வழியில் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வைக்கலாம். இவை சேதத்தைக் குறைக்குமே தவிர, நேரடி இடியைத் தடுக்காது. வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே அடாப்டரை பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் உருவிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.

ஆனால் அன்றாடம் கருவிகளைக் கெடுப்பது பெரும்பாலும் மின்னல் அல்ல, கரன்ட்தான். அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும் நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தது. நோயாளி கிராமத்தில் இருப்பார், டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பேசுவார். அந்த அனுபவத்தைப் பற்றி 2008-இல் எழுதிய ஆய்வாளர்கள், கருவிகள் பழுதாக முக்கியக் காரணம் தரமற்ற மின்சாரம்தான் என்று சொன்னார்கள். வீட்டில் அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டாமல் யுபிஎஸ் வழியாக மாட்டுங்கள். ரவுட்டர், அடாப்டர் இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யுபிஎஸ் பலவும் 12 வோல்ட்தான் கொடுக்கும். அதில் ரவுட்டர் எரியும், ஆன்டெனா அணைந்து போயிருக்கும். வைஃபை தெரிகிறது, நெட் மட்டும் வரவில்லை என்பதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

கோளாறு எந்தத் துண்டில்?

ரவுட்டரை அமைப்பதில் பெரிய சிரமம் இல்லை. அடாப்டரிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் செருகி, நிறுவனம் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி சோதனை. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கேபிளைச் செருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, சி எம் டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும். பதில் ஒன்றிரண்டு மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். அடுத்து டிரேசர்ட் என்ற கட்டளையோடு 8.8.8.8 கொடுங்கள். அதன் ஆங்கில எழுத்துகள் டி ஆர் ஏ சி இ ஆர் டி. முதல் வரி உங்கள் ரவுட்டர். இரண்டாவது வரி பொதுவாக நிறுவனத்தின் முனை, அதாவது காற்றைத் தாண்டிய இடம். அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு அதற்கும் பிங் செய்யுங்கள்.

ரவுட்டரே பதில் தராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து, நிறுவனத்தின் முனைக்கான பிங்கில் நேரம் 10, 300, 40 என்று தாண்டிக் குதித்தாலோ, பதில்கள் தொலைந்தாலோ, காற்றையும் மாடிக் கேபிளையும் சந்தேகப்படுங்கள். அந்த முனை வரை சுத்தமாக இருந்து, 8.8.8.8 மட்டும் தடுமாறினால் நிறுவனத்தின் மேல் இணைப்பில் பிரச்சினை. மூன்றுமே கேபிளில் நன்றாக இருந்து, வைஃபையில் மட்டும் இழுத்தால் ரவுட்டரை இடம் மாற்றுங்கள், ஆன்டெனா பாவம்.

சிக்னல் எண் அப்படியே இருக்க, இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் குறைகிறதா? டவரின் ஒரே ரேடியோவைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன என்று பொருள். டிஷ்ஷைத் திருப்பிப் பலன் இல்லை, நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். மழையில் மட்டும் துண்டிக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு மழை பெரிதாக எதுவும் செய்யாது. கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா, வழியில் மரம் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: 50 மெகாபிட் இணைப்பில் ஒரு வினாடிக்கு இறங்குவது 6.25 மெகாபைட்தான். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

ஏர்ஃபைபர் எடுத்தவர்களுக்கும் மூன்று துண்டு கணக்கு அப்படியே பொருந்தும். அங்கே பார்க்க வேண்டிய சிக்னல் எண்ணுக்கு ஆர்எஸ்ஆர்பி என்று பெயர், அளவுகோலும் வேறு. மைனஸ் 80, 90 நல்லது. மைனஸ் 110 பலவீனம். பொருத்துபவரின் போனில் அந்த எண் தெரியும். 5ஜியின் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு டவர் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் 26 கிகாஹெர்ட்ஸில் வந்தால் தெரிந்தே ஆக வேண்டும், அங்கே கனமழையும் கணக்கில் வரும்.

பொருத்தும் வேலை முடிந்து, நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒரு தாளில் தேதி, சிக்னல், இரைச்சல், நிறுவனத்தின் முனைக்கான பிங் நேரம், கேபிளில் பார்த்த வேகம் ஆகியவற்றை எழுதி ரவுட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். டிஷ்ஷின் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். புகார் சொல்ல போன் செய்யும்போது 'நெட் ஸ்லோவா இருக்கு' என்பதற்குப் பதிலாக, 'மைனஸ் 61 இருந்த சிக்னல் மைனஸ் 70 ஆகிவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளே ஆள் வருவார்.